கம்ப்யூட்டர் கம்பெனிகள் டேப்லெட்டில் ஏன் தடுமாறுகின்றன? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் செய்கிறேன். மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். டேப்லெட் வாங்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பில் போட்டுக்கொண்டே பாதி பதில் சொல்லுவேன், மீதி அப்படியே நின்றுபோகும். அந்த மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நம் பக்கம் டேப் என்றுதான் சொல்கிறோம், அப்படியே எழுதுகிறேன்.

அண்ணே, லேப்டாப் என்றால் எச்பி, டெல், ஏசர் என்று வரிசையாக எடுத்து வைக்கிறீர்கள். டேப் கேட்டால் மட்டும் ஏன் போன் கம்பெனிப் பெயராகவே சொல்கிறீர்கள்?

டேப்பைப் பார்த்தால் லேப்டாப்பிலிருந்து கீபோர்டைக் கழற்றிய மாதிரி இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு இது கைவந்த வேலையாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. 2010 வாக்கில் அந்தக் கம்பெனிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. எச்பி, டெல், ஏசர், ஆசுஸ், லெனோவோ என்று பெரிய பெயர்கள் எல்லாமே இறங்கின. கொஞ்ச வருடத்தில் டெல் விட்டுவிட்டது, எச்பி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, ஆசுஸும் ஏசரும் ஓரமாக ஏதோ விற்றுக்கொண்டிருந்தன, நிலையாக நின்றது லெனோவோ ஒன்றுதான். காரணம் ரொம்ப எளிமையானது. டேப் உள்ளுக்குள் ஒரு பெரிய போன். அதன் சிப், அதன் சாப்ட்வேர், அதை விற்கும் கடை, அதை வாங்குகிற ஆள் எல்லாமே போன் பக்கத்திலிருந்து வருகிறது. கம்ப்யூட்டர் கம்பெனி நாற்பது வருடமாகக் கற்றுவைத்த வித்தையில் பாதி இங்கே செல்லுபடியாகவில்லை.

நாற்பது வருட வித்தை என்றால் என்ன? கம்ப்யூட்டர் கம்பெனி உண்மையில் என்னதான் செய்கிறது?

ஒரு லேப்டாப்பைக் கழற்றினால் தெரிந்துவிடும். சிப் இன்டெல் அல்லது ஏஎம்டி. உள்ளே ஓடுவது மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ். டிஸ்ப்ளே ஒரு கொரிய, தைவான் அல்லது சீனக் கம்பெனியுடையது. பெட்டியைப் பூட்டுவதே பல நேரம் தைவான்காரர்களின் ஒப்பந்தத் தொழிற்சாலை. மேலே பெயர் ஒட்டுகிற கம்பெனியின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. உதிரிப்பாகங்களை மொத்தமாகக் குறைந்த விலைக்குப் பிடிப்பது, ஊர் ஊருக்கு என்னைப் போல டீலர் வைப்பது, கெட்டுப்போனால் வீட்டுக்கே ஆள் அனுப்புவது, ஆபீசுக்கும் அரசாங்கத்துக்கும் டெண்டர் போட்டு ஆயிரக்கணக்கில் விற்பது. நம் மாநிலத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். லெனோவோ, ஏசர், எச்சிஎல் பெயர்கள் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதுகுப்பைக்குள் வந்தது டெண்டர் வழியாகத்தான். அந்த வேலையில் இவர்களை அடிக்க ஆள் கிடையாது.

மண்டபத்தில் படகு கட்டுகிறவரைப் பாருங்கள். அவர் மரம் வாங்குகிறார், இன்ஜினை வேறு கம்பெனியிலிருந்து வாங்கி ஏற்றுகிறார், வலை அவர் பொறுப்பில்லை. படகு வாங்குகிறவருக்குக் கடல் ஏற்கெனவே தெரியும், அதனால் படகு நன்றாக இருந்தால் போதும், வியாபாரம் முடிந்தது. லேப்டாப்பும் அப்படித்தான், கணக்கு எழுதும் டேலியும் வேர்டும் வாங்குகிறவருக்கு முன்னாடியே தெரியும். டேப் விற்கிறவர் படகோடு கடலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த டேப்பில் என்ன செய்யலாம், எந்த ஆப் கிடைக்கும், படம் எங்கே பார்க்கலாம் என்ற அந்தக் கடல் எச்பியிடமும் டெல்லிடமும் இல்லை.

ஆப்பிளும் கம்ப்யூட்டர் கம்பெனிதானே? அவர்களுக்கு மட்டும் எப்படி?

நல்ல கேள்வி, இதை நிறையப் பேர் கேட்பதில்லை. 2007 ஜனவரி வரைக்கும் அந்தக் கம்பெனியின் பெயரே ஆப்பிள் கம்ப்யூட்டர்தான். ஐபோனை அறிவித்த அதே மேடையில்தான் பெயரிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தார்கள். அதற்கும் முன்னால் 1993-ல் நியூட்டன் என்று கையில் பிடிக்கிற ஒரு கருவியைக் கொண்டுவந்து, சரியாக ஓடாமல் 1998-ல் மூடினார்கள். அதாவது கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து வந்தபோது ஆப்பிளும் தோற்றிருக்கிறது.

இரண்டாவது தடவை போன் பக்கமாக வந்தார்கள். 2007-ல் ஐபோன், 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர். 2010 ஏப்ரல் 3-ம் தேதி ஐபேட் விற்பனைக்கு வந்தபோது போனுக்காக ஏற்கெனவே எழுதிவைத்திருந்த 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆப்களில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடின. முதல் நாளே கடல் தயார். முதல் நாளில் 3 லட்சம், 28 நாளில் 10 லட்சம் விற்றது.

இன்னொன்றும் செய்தார்கள், இது என்னைப் போன்ற வியாபாரிக்கு உடனே புரியும். 2008-லேயே சிப் வடிவமைக்கிற பிஏ செமி என்ற கம்பெனியை வாங்கிப்போட்டு, ஐபேடில் ஏ4 என்று சொந்தப் பெயரில் சிப் போட்டார்கள். அப்புறம், முக்கியமான உதிரிப்பாகங்களுக்காக 390 கோடி டாலர் அளவுக்கு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருப்பதாக 2011 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள். சீசனுக்கு முன்னாடியே மொத்த மிளகாயையும் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவைத்துவிட்டால் மற்ற வியாபாரிகள் கமிஷன் மண்டியில் நின்று என்ன செய்ய முடியும்? அந்த நிலைமைதான் மற்றவர்களுக்கு. ஆயிரம் டாலர் விலை வைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த ஐபேடை 499 டாலரில் தொடங்கினார்கள். பல கம்பெனிகள் அதே விலைக்குச் செய்யவே முழி பிதுங்கின.

மைக்ரோசாப்ட் அதற்கு ரொம்ப முன்னாடியே டேப் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 2001 நவம்பரில் பில் கேட்ஸ் மேடையேறி, இன்னும் ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் வடிவமே டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்று சொன்னார். 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் பிசி பதிப்பு வந்தது. எச்பி, ஏசர், புஜிட்சு எல்லாம் மெஷின் செய்தார்கள். பேனா வைத்துத்தான் தொட வேண்டும், கனம் அதிகம், விலை சாதாரண லேப்டாப்பைவிடக் கூடுதல், உள்ளே அதே பொடிப்பொடி மெனு. மவுசுக்காகச் செய்த ஒன்றை விரலுக்குக் கொடுத்தால் எப்படி? ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் என்று ஒரு சில இடங்களில் பயன்பட்டது, வீட்டுக்குள் வரவில்லை. யோசனை பத்து வருடம் முன்னாடி வந்தும், டேப் என்பது சின்ன விண்டோஸ் கம்ப்யூட்டர் என்ற ஒரே நினைப்பில் அதை வீணடித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

எச்பி டேப் ஒன்று வந்து காணாமல் போனதே, அது என்ன கதை?

டச்பேட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இந்த ஒரு டேப்புக்குள் இருக்கிறது.

2010-ல் எச்பி, பாம் என்ற பழைய கம்பெனியை 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பாமிடம் வெப்ஓஎஸ் என்று ஒரு சாப்ட்வேர் இருந்தது. நல்ல சாப்ட்வேர், நான் மனசாரச் சொல்கிறேன். திறந்திருக்கும் ஆப்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவைத்து, வேண்டாததை விரலால் மேலே தள்ளிவிட்டால் மூடிக்கொள்ளும். இன்றைக்கு எல்லா போனிலும் நாம் செய்கிற வேலைதான், அப்போது அது புதுசு. அதாவது எச்பி சரியான இடத்தில்தான் கைவைத்தது. ஆப்பிளை விட்டால், விண்டோஸை நம்பாமல் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று புரிந்துகொண்ட பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி அதுதான்.

2011 ஜூலை 1-ம் தேதி டச்பேட் கடைக்கு வந்தது. விலை ஐபேட் 2-க்குச் சமமாக, 499 டாலரில் தொடங்கி. ஆனால் ஐபேட் 2-ன் கனம் 8.8 மில்லிமீட்டர், டச்பேடின் கனம் 13.7. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூட எதை எடுக்கும் என்று தெரியும். வேகமும் குறைவு. டேப்புக்கென்றே எழுதிய ஆப்கள் அந்த நாளில் சில நூறுதான், ஐபேடுக்கோ பல்லாயிரம். ஆள் இல்லாத சந்தைக்கு ஆப் எழுத யாரும் வரமாட்டார்கள், ஆப் இல்லாத டேப்பை ஆட்கள் வாங்கமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, கையைச் சுட்டுக்கொண்டாவது இரண்டு மூன்று வருடம் பொறுமையாக நிற்பது.

எச்பி நின்றது 49 நாள். ஆகஸ்ட் 18-ம் தேதி டச்பேட் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அதே நாளில் கம்ப்யூட்டர் பிரிவையே தனியாகப் பிரித்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்கள். உலகத்திலேயே அதிகம் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி இப்படிப் பேசினால் டீலர் எல்லாம் என்ன நினைப்பான்? அடுத்த மாதமே தலைவரை மாற்றினார்கள், கம்ப்யூட்டர் பிரிவு தப்பித்தது, டேப் தப்பிக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். மிச்சமிருந்த சரக்கை 99 டாலருக்குத் தள்ளினார்கள். உடனே கடை வாசலில் வரிசை, இணையதளங்கள் முடங்கின, பெட்டிகள் சில நாட்களில் காலி. வாங்க ஆள் வந்ததைப் பார்த்து இன்னொரு கடைசித் தொகுதி வேறு செய்து விற்றார்கள். 499-க்கு வேண்டாம் என்றவர்கள் 99-க்கு அடித்துப்பிடித்து வாங்கினார்கள்.

அப்படியென்றால் முதலிலேயே விலையைக் குறைத்து விற்றிருக்கலாமே?

யாருடைய பணத்தில்? அங்கேதான் சிக்கல். அதே 2011 நவம்பரில் அமேசான் கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு இறக்கியது. அடுத்த வருடம் கூகுள், ஆசுஸிடம் செய்யச் சொல்லி நெக்சஸ் 7-ஐ அதே 199-க்கு விற்றது. அமேசான் தலைவர் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார், கருவியை அடக்கவிலைக்குத்தான் விற்கிறோம் என்று. அவர்களுக்கு லாபம் அந்த டேப்பில் நீங்கள் வாங்கும் புத்தகத்திலும் படத்திலும் வருகிறது, கூகுளுக்கு விளம்பரத்தில். எச்பிக்கும் டெல்லுக்கும் பெட்டி விற்கும் அன்றைக்கு வருவதுதான் வருமானம், அதற்குமேல் அந்த டேப்பிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

இதில் என் மனதை உறுத்துகிற ஒன்று உண்டு. பெட்டியைக் குறைந்த லாபத்தில் கொடுத்துவிட்டு மற்றதில் சம்பாதிக்கும் வித்தையை எச்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கடையில் பிரிண்டர் வாங்குகிறவர்கள் ஆறு மாதம் கழித்து மை வாங்க வரும்போது பிரிண்டர் விலையையும் மை விலையையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். அச்சுத் தொழிலில் அவர்களிடம் மை இருந்தது. டேப்பில் மை இல்லை. டேப்புக்கு மை என்றால் ஆப் கடை, பாட்டு, படம், புத்தகம்.

டெல் என்ன செய்தது?

2010-ல் ஸ்ட்ரீக் என்று 5 அங்குலத்தில் ஒன்று கொண்டுவந்தார்கள். போனா டேப்பா என்று வாங்குகிறவருக்கே குழப்பம், அடுத்த வருடமே போய்விட்டது. 7 அங்குல ஸ்ட்ரீக்கும் அப்படியே. அப்புறம் 2013-ல் வென்யூ என்ற பெயரில் மறுபடி வந்தார்கள், அதில் 2015-ல் வந்த ஒன்று 6 மில்லிமீட்டர் கனத்தில் உண்மையிலேயே அழகாக இருந்தது. 2016-ல் ஆண்ட்ராய்டு டேப் செய்வதையே விட்டுவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் புது ஆண்ட்ராய்டு அப்டேட்டும் அத்தோடு நின்றது.

விண்டோஸ் டேப் வாங்கினால் டேலி ஓடுமா?

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் இன்டெல் சிப் போட்ட விண்டோஸ் டேப் என்றால் ஓடும், சந்தேகமே வேண்டாம். ஆனால் கீழக்கரைப் பக்கம் இருந்து சிலர் வளைகுடாவிலிருந்து வந்த பழைய டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது விண்டோஸ் ஆர்டியாக இருந்தால் ஓடாது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8-ஓடு சேர்ந்து வந்தது அது. போன் வகைச் சிப்பில் ஓடுவதற்காகச் செய்தது, பார்க்க அச்சு அசல் விண்டோஸ், ஆனால் பழைய விண்டோஸ் புரோகிராம் எதையும் அதில் ஏற்ற முடியாது. விண்டோஸ் என்ற பெயரை நம்பித்தானே மனிதர்கள் வாங்குவார்கள், அந்த நம்பிக்கையின் அடிப்படையே இல்லாத ஒன்றுக்கு அதே பெயரை வைத்தார்கள். 2013 ஜூலையில் தானே செய்த சர்ஃபேஸ் ஆர்டி என்ற டேப்பில் விற்காத சரக்குக்காக மைக்ரோசாப்ட் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது.

மைக்ரோசாப்ட் சொந்தமாகச் சர்ஃபேஸ் செய்யப்போகிறது என்று அறிவித்ததே கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு இடி. இதுவரை சாப்ட்வேர் கொடுத்த ஆளே பக்கத்தில் கடை போட்டால் எப்படி இருக்கும்? யோசித்துச் செய்யுங்கள் என்று ஏசர் தலைவர் பகிரங்கமாகவே எச்சரித்தார். இது போதாதென்று 2014-ல், 9 அங்குலத்துக்குக் குறைவான டேப்களுக்கு விண்டோஸ் இலவசம் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியதை இலவசமாகக் கொடுத்தும் ஆள் வரவில்லை.

சிப் கம்பெனி இன்டெல் உதவவில்லையா?

உதவியது, அளவுக்கு மீறியே உதவியது. டேப்புக்குத் தேவை சூடாகாத, பேட்டரி குடிக்காத சிப். இன்டெல் சிப் அந்த நாளில் மின்விசிறி வைத்துப் பழகியது. போன் உலகத்தின் ஆர்ம் வகைச் சிப்கள் பிறந்ததிலிருந்தே சிக்கனமாக வாழ்ந்தவை. பின்தங்கிவிட்டோம் என்று தெரிந்து 2014-ல் தன் சிப்பைப் போடுகிற டேப் கம்பெனிகளுக்கு இன்டெல்லே கைக்காசு கொடுத்தது. அந்த வருடம் 4 கோடி டேப்புக்குக் குறிவைத்து, அதைத் தாண்டியும் போனார்கள். அதே வருடம் அந்தப் பிரிவின் நஷ்டம் 400 கோடி டாலருக்கு மேல். 2016-ல் அந்தச் சிப் வரிசையையே நிறுத்தினார்கள். அந்தச் சிப்பை நம்பி டேப் செய்த கம்ப்யூட்டர் கம்பெனிகள் அத்தோடு நடுக்கடலில் நின்றன. சொந்தமாகச் சிப்பும் இல்லை, சாப்ட்வேரும் இல்லை என்றால் இதுதான் நடக்கும்: அடுத்தவன் கை எடுத்தால் நாம் விழுவோம்.

லெனோவோ மட்டும் எப்படி நிற்கிறது?

அவர்கள் கம்ப்யூட்டரோடு போனும் செய்தார்கள், சீனாவில் பெரிய அளவில். 2014-ல் மோட்டோரோலாவையும் வாங்கினார்கள். அதனால் ஆண்ட்ராய்டு பழக்கமான ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஐபேடோடு மோதாமல் கீழ் விலையில், படம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் என்று தெளிவாகச் செய்தார்கள். 2013-ல் வந்த யோகா டேப்பில் ஒரு பக்க விளிம்பை உருளையாக்கி அதற்குள் பேட்டரியை வைத்தார்கள், கையில் பிடிக்கவும் வசதி, மேசையில் நிறுத்தவும் வசதி, சார்ஜும் நீண்ட நேரம் நின்றது. பயன்படுத்துகிற மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துச் செய்தது அது. முக்கியமாக, ஒரு மாடல் ஓடவில்லை என்றால் அடுத்ததைக் கொண்டுவந்தார்கள், கடையை மூடவில்லை.

நம் நாட்டுக் கம்பெனிகள் முயற்சி செய்யவில்லையா?

எச்சிஎல் செய்தது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த சிவ் நாடார் 1976-ல் நண்பர்களோடு தொடங்கிய கம்பெனி, புதுச்சேரியில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை வைத்திருந்தது. மீ என்ற பெயரில் டேப்கள் விட்டார்கள், சில வருடம் பரவாயில்லாமல் விற்றது. 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்தும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் டேப்பும் நினைவிருக்கும். விலை மட்டும்தான் அதன் கவர்ச்சி, திரையை நகத்தால் அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருந்தது. ஐபோன் மாதிரித் திரையைத் தொட்டுப் பழகிய பிள்ளைக்கு அது கையில் ஒட்டவில்லை.

அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு டேப்களில் இன்னொரு குறை, தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். பேப்பர் படிக்கலாம் என்று ஆசையாக வாங்கிய பெரியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஐபேடிலேயே தமிழ் விசைப்பலகை ஐஓஎஸ் 7-ல், 2013-ல்தான் கூடவே வந்தது.

டேப் உடைந்தால் மட்டும் ஏன் நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள்?

லேப்டாப்பைத் திருப்பி வைத்தால் பத்து ஸ்க்ரூ. கழற்றினால் பேட்டரி மாற்றலாம், ராம் போடலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம், பத்து வருடப் பழைய மெஷினுக்கும் ஏதாவது உதிரி கிடைக்கும். டேப்பில் ஸ்க்ரூவே வெளியே தெரியாது. கண்ணாடியைச் சுற்றி ஹாட் ஏர் காட்டி, பசை இளகுகிற நேரம் பார்த்து மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை மூலையில் சொருகி, ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்த வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் டிஸ்ப்ளேக்கு உள்ளே கோடு விழும். நம் கடற்கரைக்கென்றே ஒரு நோயும் இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் டேப்பில் சார்ஜிங் பின்னை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும், உப்புக்காற்று வேலை. ஐபிஏ என்கிற சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவத்தைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் பாதிக்குப் பாதி பிழைத்துவிடும், மீதிக்குப் பின்னையே மாற்ற வேண்டும். அந்தப் பின் மாடலுக்கு மாடல் வேறு.

சில வருடம் முன்னாடி பெரியபட்டினத்திலிருந்து ஒரு அக்கா, பத்தாவது படிக்கிற மகனோடு வந்தார். பெயர்பெற்ற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் டேப், இரண்டு வருடம் முன்னால் என் கடையில், என் பேச்சைக் கேட்டு வாங்கியது. கீழே விழுந்து கண்ணாடி மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. காம்போ, அதாவது கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகம், போட்டால் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன், அந்த மாடல் நிறுத்தியாச்சு, ஸ்பேர் வராது என்றார்கள். மதுரையில் கேட்டேன், சென்னை ரிச்சி தெருவில் கேட்டேன், கிடைக்கவில்லை. அதே கம்பெனியின் எட்டு வருடப் பழைய லேப்டாப்புக்கு அன்றைக்குக் காலையில்தான் கீபோர்டு மாற்றிக் கொடுத்திருந்தேன். "தம்பி, நீங்க நல்ல கம்பெனின்னு சொன்னீங்களேன்னுதான வாங்கினோம்" என்று அந்த அக்கா கோபம்கூட இல்லாமல் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றைக்கிருந்துதான், ஒரு கம்பெனி லேப்டாப்பில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது என்பதற்காக அதன் டேப்பை யாருக்கும் சொல்வதில்லை. அந்தக் கம்பெனியின் உண்மையான பலம் டீலரும் சர்வீசும் உதிரிப்பாகமும். டேப்பில் அந்தப் பலத்தை அவர்கள் பயன்படுத்தவே இல்லை, இரண்டு வருடம் விற்றுவிட்டு ஓடிப்போனார்கள்.

அப்படியானால் டேப் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

அந்தக் கம்பெனி ஐந்து வருடமாக விடாமல் டேப் விற்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு அப்டேட்டும் பாதுகாப்பு அப்டேட்டும் எத்தனை வருடம் தருவதாக எழுத்தில் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். காம்போ விலை என்ன, உள்ளூரில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள், வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. ராமும் கேமராவும் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

படகில் கொண்டுபோக ஒரு டேப் வேண்டும், எது நல்லது?

விசைப்படகுக்காரர்கள் இதை நிறையக் கேட்கிறார்கள், குறிப்பாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில், படகு கரையில் நிற்கும்போது. உண்மையைச் சொன்னால் சாதாரண டேப் எதுவும் வேண்டாம். ஈரக் கையால் தொட்டால் திரை தன்பாட்டுக்கு எங்கேயோ போகும், வெயிலில் படம் தெரியாது, உப்பைப் பற்றி மேலே சொன்னேன். ஜிபிஎஸ் கருவியும் எக்கோ சவுண்டரும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், பாட்டுக்கும் பேச்சுக்கும் போன் போதும்.

தண்ணீர், தூசி, விழுதல் எல்லாம் தாங்குகிற தடித்த டேப்கள் உண்டு. இதில்தான் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இன்றைக்கும் ராஜா: பானசோனிக்கின் டஃப்புக், டெல்லின் முரட்டு டேப்கள். ராணுவம், கிடங்கு, தொழிற்சாலை என்று மொத்தமாக வாங்குகிற இடம், வருடக்கணக்கில் சர்வீஸ் ஒப்பந்தம், பழைய விண்டோஸ் புரோகிராம் ஓட வேண்டிய கட்டாயம். அவர்களுக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அங்கே செல்லும். விலை ஒரு நல்ல லேப்டாப்பைவிட அதிகம் என்பதால் நான் கடையில் வைப்பதில்லை.

மகள் காலேஜ் சேர்கிறாள். டேப்பா, லேப்டாப்பா?

லேப்டாப். எழுத வேண்டும், ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், புரோகிராம் ஓட்ட வேண்டும். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் என்று அரசு அறிவித்தபோது கடைக்கு வந்த பிள்ளைகளிடம் எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன், ஒரு பிள்ளைகூட டேப் என்று சொல்லவில்லை. படம் வரையும் படிப்பு என்றால் மட்டும் பேனாவோடு வரும் டேப்பைப் பற்றிப் பேசலாம்.

இனிமேலாவது கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வாய்ப்பு இருக்கிறதா?

தனி டேப் சந்தையில் எனக்கு நம்பிக்கை குறைவு. உலகம் முழுக்க டேப் விற்பனை 2014 வாக்கில் உச்சத்தைத் தொட்டு அப்புறம் இறங்கியது. போன் திரை பெரிதாகிவிட்டது, வாங்கிய டேப்பை மனிதர்கள் ஆறு வருடம் வைத்திருக்கிறார்கள். கொரோனா வகுப்புகள் நடந்தபோது ஒரு ஏற்றம் வந்தது, என் கடையிலும் அந்த ஒரு வருடம் விற்ற அளவுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. சுருங்குகிற சந்தைக்குள் புதிதாகப் பணம் போட எந்த முதலாளிக்கும் மனசு வராது.

ஆனால் கீபோர்டைக் கழற்றினால் டேப், மாட்டினால் லேப்டாப் என்ற வகையில் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். டேலி ஓடும், பேனாவில் எழுதலாம், ஸ்பேர் கிடைக்கிறது. ஆப்பிள் 2021-ல் தன் கம்ப்யூட்டருக்குச் செய்த எம்1 சிப்பையே ஐபேட் ப்ரோவுக்குள் போட்டது, அதற்குக் கீபோர்டும் விற்கிறது. அந்தப் பக்கமிருந்து டேப் கம்ப்யூட்டரை நோக்கி வருகிறது. போட்டி கம்ப்யூட்டர்காரர்களின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பிறகு, டச்பேட் மாதிரி 49 நாளில் மூட்டை கட்ட முடியாது.

அந்த வெப்ஓஎஸ் என்ன ஆனது?

எச்பி 2013-ல் அதை எல்ஜிக்கு விற்றது. 2014 முதல் எல்ஜி டிவிகளில் அதுதான் ஓடுகிறது. போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் டிவிக்கு நெட் இணைப்புக் கொடுக்கப் போயிருந்தேன். ரிமோட்டை அசைத்தால் சுட்டி அழகாக நகர்கிறது, கீழே ஆப்கள் வரிசையாக நிற்கின்றன, வீட்டுப் பாட்டி தானே யூடியூபைத் திறந்து வேளாங்கண்ணி திருப்பலி பார்த்துக்கொண்டிருந்தார்.